எழுபத்திரண்டு பொட்டலங்கள்

அத்தியாயம் 4

காணாமல் போன ஆளைத் தேட வேண்டுமென்றால் அவர் காணாமல் போன ஊரில் தேட வேண்டும். இது பிரபாவதிக்குத் தெரியாததல்ல. ஆனால் ராஜகோபாலன் காணாமல் போனது ராஜஸ்தானில், ஜெய்சல்மர் கோட்டை வாசலில். பிரபாவதியின் ஆபீஸ் இருந்தது செங்கல்பட்டில், ஸ்டேஷனுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். நடுவில் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அவளுக்கு ஹிந்தியில் பத்து வரை எண்ணத் தெரியும். அவளுடைய உதவியாளன் சுலைமானுக்கு அதுவும் தெரியாது.

மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பயணிகளிடம் வாய் கொடுத்து வேலை போனவன் சுலைமான். வயது நாற்பதை நெருங்கியும் வாய் குறையவில்லை. பிரபாவதி பன்னிரண்டு வருடம் இன்ஷூரன்ஸில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்துவிட்டு, அலுத்துப்போய் வெளியே வந்தவள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற கேஸ்தான் அதிகம் வரும். இப்படி ஓர் உயிர் தொங்குகிற கேஸ் வருவது அபூர்வம்.

கேஸைக் கொண்டுவந்தவள் ராஜகோபாலனின் மருமகள் மானசா. படூர்ப் பக்கம் ஒரு காலேஜில் வேலை. நேற்றுச் செவ்வாய்க்கிழமை வந்து, அழாமல், லீவு லெட்டர் வாசிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னாள். மாமனாருக்கு அறுபத்தெட்டு வயது. நாலு வருடமாக ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. சர்க்கரை வேறு, காலையும் மாலையும் ஊசி போட வேண்டும். மாமியார் சுந்தரவல்லி முப்பத்தோரு வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய டீச்சர். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ராஜஸ்தான் டூர் கிளம்பினார்கள், பதினைந்து நாள். ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, டீச்சர் ஜெய்சல்மர் கோட்டைக்குள் போய்விட்டுத் திரும்பியபோது வாசலில் உட்காரவைத்த மனிதர் இல்லை. தகவல் கேட்டதும் மகன் ஹரிசங்கர் ஓடினான். இன்னும் அங்கேதான் இருக்கிறான். தினம் ஆறு மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவன் போன் பண்ணுவான். இங்கிருந்து அவனைக் கூப்பிட நம்பர் கிடையாது. ஊசி இல்லாமல் எத்தனை நாள் தாங்குவார் என்று டாக்டரைக் கேட்டால், டாக்டர் வேறு பேச்சுப் பேசினாராம்.

"மாமா உயிரோட இருக்காரான்னு மட்டும் தெரிஞ்சா போதும் மேடம்" என்றாள் மானசா. "இவரை அங்கேயிருந்து திருப்பிக் கூப்பிடலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பிரபாவதி சரி என்று சொல்லிவிட்டாள்.

டூரில் போனவர்கள் எழுபத்திரண்டு பேர். ராஜகோபாலன் தவிர மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவந்துவிட்டார்கள். அவர்களில் செங்கல்பட்டுக்காரர்கள் பத்தொன்பது பேரை நேற்று மாலைக்குள் பார்த்தாகிவிட்டது. பத்தொன்பது பேரும் ராஜகோபாலனைப் பார்த்திருந்தார்கள். ஜெய்ப்பூரில் சிவப்புத் தலைப்பாகை வாங்கினார் என்றார் ஒருவர். ஒட்டகத்துக்கு வாழைப்பழம் கொடுத்தார் என்றார் இன்னொருவர். கோட்டை வாசலில் உட்கார்ந்து எல்லாருடைய செருப்புக்கும் காவல் இருந்தார் என்று நாலு பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

"காணாம பூட்ட ஆளு இம்மாம் பிஸியா இருந்து நான் பாத்ததே இல்ல மேடம்" என்றான் சுலைமான்.

பிரபாவதி இன்ஷூரன்ஸ் புத்தியோடு ஒரே ஒரு கேள்வியை எல்லாரிடமும் திருப்பிப் போட்டிருந்தாள். நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா? அந்தக் கேள்விக்குத் தலைப்பாகை கழன்று விழுந்தது. ஒட்டகம் ஓடிப்போயிற்று. இந்த மாதிரி டூர்களில் ராத்திரி தங்குவது தர்மசாலையில். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். பெண்களைக் கேட்டால், அவர் ஆண்கள் கூடத்தில் படுத்திருந்தார் என்றார்கள். ஆண்களைக் கேட்டால், முடியாத மனுஷனாச்சே, டீச்சர் தனி ரூம் எடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார் என்றார்கள். டில்லியிலிருந்து இரண்டு பஸ். முதல் பஸ்காரர்கள் அவர் பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தார் என்றார்கள். பின்னால் வந்தவர்கள் சொன்னதை நான் எழுதவேண்டியதில்லை.

அதனால்தான் இன்று புதன்கிழமை காலை பத்து மணிக்கு, டூர் நடத்திய சதாசிவத்தின் ஆபீஸில் பிரபாவதி உட்கார்ந்திருந்தாள். சுவரெல்லாம் காசி, பத்ரி, துவாரகை. சதாசிவம் நல்ல மனிதர். பதினேழு வருடத்தில் ஒரு ஆளைத் தொலைத்ததில்லை என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் மேல் அவருக்குத் தனி மரியாதை. ஒவ்வொரு கோட்டையிலும் கைடுக்கே டீச்சர்தான் பாடம் எடுத்தாராம். ஆமேரில் கண்ணாடி மஹாலைக் கட்டியது யார், ஜோத்பூர்க் கோட்டைக் கதவில் பீரங்கிக் குண்டு பட்ட தழும்பு எந்தச் சண்டையில் வந்தது, எல்லாம் விரல் நுனியில்.

மேஜைமேல் குரூப் போட்டோ ஒன்று இருந்தது. ஜெய்ப்பூர் ஹவா மஹால், ரோஸ் நிறத்தில், நூற்றுக்கணக்கான ஜன்னலோடு. முன்னால் கூட்டமாக நம்மூர் முகங்கள், ஸ்வெட்டரும் மஃப்ளரும் சுற்றிக்கொண்டு. பிரபாவதி குண்டூசியால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். சமையல்காரரையும் சதாசிவத்தையும் கழித்தால் எழுபத்தொன்று.

ராஜகோபாலன் எங்கே என்று கேட்டாள். அவருக்கு முழங்கால் வலி, ஏற முடியாது, கீழேயே இருந்திருப்பார் என்றார் சதாசிவம்.

"இதுவே கீழதானே சார்? தெருவுல நின்னு எடுத்த படம். இதுல ஏற ஒரு படிகூட இல்லையே."

சதாசிவம் படத்தை வாங்கிப் பார்த்தார். பஸ்ஸில் தூங்கியிருப்பார் என்றார். பார்த்தீர்களா என்றால், டீச்சர் சொன்னார் என்றார். அப்படியானால் பஸ் கிளம்பும்போது எல்லாரும் ஏறியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு அவர் முகம் தெளிந்தது. தொழில் ரகசியத்தைச் சொல்கிறவர்போல முன்னால் சாய்ந்தார். தலையை எண்ணினால் தப்பு வரும், தூங்குகிறவன், பாத்ரூம் போனவன், நான்தான் சொன்னேனே என்று சண்டைக்கு வருகிறவன், இவர்களை எண்ணி மாளாது என்றார். அவர் எண்ணுவது சாப்பாட்டுப் பொட்டலத்தை. பஸ் கிளம்புமுன் பொட்டலம் கொடுக்க வேண்டியது. எழுபத்திரண்டும் தீர்ந்தால் ஆள் சரி.

"பஸ்ஸை விட்டாலும் விடுவான், பொட்டலத்தை விடுவானா மேடம்? பதினேழு வருஷ சர்வீஸ்ல கண்ட உண்மை இது."

ராஜகோபாலனுடைய பொட்டலத்தை யார் வாங்கினார்கள் என்று கேட்டாள். டீச்சர்தான், இரண்டாக வாங்கிக்கொண்டு போவார் என்றார். முதல் நாள் சென்ட்ரல் ஸ்டேஷனில்? அங்கேயும் அப்படித்தான். செங்கல்பட்டிலிருந்து சதாசிவம் ஏற்பாடு செய்த பஸ்ஸில் அவர்கள் வரவில்லை. வழியில் கோவிலுக்குப் போய்விட்டு நேராக சென்ட்ரலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நீங்க அவரைக் கடைசியா நேர்ல பார்த்தது எப்போ சார்?"

சதாசிவம் யோசித்தார். ஜெய்சல்மரில் ஆரம்பித்து ஜோத்பூர், ஜெய்ப்பூர், டில்லி என்று மனத்திலேயே பின்னால் நடந்து போனது முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நிமிடம் நின்றார். கடைசியில், டிசம்பர் மாதம் ஹரி அவரைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் எடுக்க வந்தபோது இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

வெளியே வந்ததும் சுலைமான் பீடிக்காகச் சட்டைப் பையைத் தடவினான். பிரபாவதி முறைத்ததும் விட்டான்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியாதும்பாங்க. டீச்சரு முழு ஆளையே மறைச்சிகீது. அதுவும் பொட்டலச் சோத்துல."

அவசரப்படாதே என்றாள் பிரபாவதி. ஆளைப் பார்க்கவில்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது. சாப்பாட்டில் மறைத்ததைச் சாப்பாடு போட்டவரிடம்தான் கேட்க வேண்டும்.

டூர் சமையல்காரர் கண்ணாயிரம் அன்று ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டாக்களுக்கு நடுவே இருந்தார். ராஜகோபாலன் பெயரைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கும் அந்த மனிதர்மேல் ஒரு மனக்குறை இருந்தது. டூரில் சர்க்கரைக்காரர்கள் பதினோரு பேர். அவர்களுக்குச் சாதம் இல்லை, சப்பாத்தி. பொட்டலம் மாறிவிடாமல் சிவப்பு நூல் கட்டுவார். ஆமேரில் யானை ஏறுகிற இடத்தில் ஒரு பிச்சைக்காரன் சிவப்பு நூல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டதைப் பார்த்தார். ஜோத்பூரில் ஒரு நாய். மற்றப் பத்துப் பேரும் தின்று தீர்த்ததை அவர் கண்ணால் பார்த்தார், ஆகவே அது ராஜகோபாலனுடையதுதான்.

"என் சப்பாத்திய நாய்க்குப் போடற அளவுக்கு இன்னா கொறை மேடம்? புடிக்கலன்னா சொல்லலாம்ல? பூரி போட்டுக் குடுத்துருப்பேன்."

சர்க்கரைக்காரருக்கா என்று சுலைமான் கேட்டான். கண்ணாயிரம் அவனை லட்சியம் செய்யவில்லை.

பிரபாவதி ஊசி மருந்தைப் பற்றிக் கேட்டாள். கண்ணாயிரத்தின் ஐஸ் பெட்டியில்தான் தயிரோடு எல்லாருடைய மருந்தும் இருக்கும், பெயர் எழுதிய டப்பாவில். ஊசி போடுகிறவர்கள் நாலு பேர். மூன்று டப்பாதான் வந்தது. ஒருநாள் டீச்சரிடம் அவரே கேட்டாராம், சார் மருந்தை வைக்கவேண்டாமா என்று. இந்தக் குளிருக்கு வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

மண்டபத்து ஆபீஸிலிருந்து பிரபாவதி மானசாவுக்குப் போன் பண்ணினாள். வீட்டு ஃபிரிட்ஜில் மாமனாரின் மருந்து இருக்கிறதா? இல்லை, கிளம்புகிற அன்று அத்தை பதினைந்து நாளுக்கு வேண்டியதை ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு போனார் என்று பதில் வந்தது.

மருந்து வீட்டை விட்டுப் போயிருக்கிறது, டூருக்கு வரவில்லை. மருந்து எங்கே போயிற்றோ அங்கேதான் மனிதரும் போயிருக்க வேண்டும். அங்கே ஒரு ஃபிரிட்ஜ் இருக்க வேண்டும். போனை வைத்தபோது பிரபாவதிக்குத் துப்புக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை. ராஜகோபாலன் ராஜஸ்தானுக்குப் போகவே இல்லை. ஹரி ஒரு வாரமாக வெறும் மணலில் தேடிக்கொண்டிருக்கிறான். அவனாகக் கூப்பிடுகிற வரைக்கும் அதை அவனுக்குச் சொல்ல வழியே இல்லை.

மருந்து போன இடத்தைக் கண்டுபிடிக்கச் சுலைமானுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. செங்கல்பட்டு டாக்ஸி ஸ்டாண்டில் அவன் மச்சான் அயாஸ் இருந்தான். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வயசான தம்பதி, சென்ட்ரல் என்று சுலைமான் ஆரம்பித்ததுமே, நான்தான் போனேன் என்றான் அயாஸ். மாமல்லபுரம் போய், கடலோர ரோட்டில் ஒரு காம்பவுண்டு வீட்டில் ஐயாவையும் ஒரு பெட்டியையும் இறக்கினார்கள். அம்மா உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழித்துத் தனியாக வந்தார்.

"இத்த ஏன்டா மச்சான் யாராண்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க? எல்லாரும் ராஜஸ்தான்ல கேட்டுகினு கீறாங்க."

பிரபாவதி அந்தக் காரிலேயே ஏறி, மானசாவின் வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

சுந்தரவல்லி டீச்சர் ஹாலில் உட்கார்ந்து கால் பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு பாதமும் கொப்புளித்திருந்தன. திங்களும் செவ்வாயும் அத்தை வேண்டுதலுக்காகக் கோவில் கோவிலாக நடந்தார் என்று மானசா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து டீச்சரைப் பார்க்க வந்துபோனவர்கள் எல்லாரும் அவருக்கு ஆறுதல்தான் சொல்லியிருந்தார்கள். பிரபாவதி எதிரில் உட்கார்ந்தாள். சாமர்த்தியமாகக் கேட்க அவளிடம் எத்தனையோ வழி இருந்தது. எதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

"டீச்சர், அந்தக் கடலோர வீட்டுல அவர் இப்போ இருக்காரா?"

டீச்சர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி, ஓரமாகத் தள்ளிவைத்தார். அழவில்லை. இல்லை என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மானசா சமையலறை நிலைப்படியில் நின்றவள் நின்றபடியே கேட்டாள்.

நாலு வருடமாக டீச்சர் தெருமுனையைத் தாண்டியதில்லை. கணவரைக் குளிக்க வைக்க, ஊசி போட, ராத்திரி வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்ள ஆள் டீச்சர் ஒருவர்தான். மகனுக்கும் மருமகளுக்கும் காலையில் போனால் மாலைதான் வீடு. முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் கோட்டைகளை வரைந்தே கழித்தவருக்கு ஒன்றையாவது பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று இருந்தது. ஹரி நல்ல பிள்ளை, ஆசையைத் தெரிந்துகொண்டு டிக்கெட் எடுத்தான். ஆனால் இரண்டு டிக்கெட். அப்பாவுக்கும் மாறுதலாக இருக்கும் என்றான். அவரை அழைத்துக்கொண்டு போனால் அதே வேலையை வேறு ஊரில் செய்வதுதானே? தனியாகப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அப்பாவை விட்டுவிட்டா என்று ஹரி கேட்ட ஒரு கேள்வியோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாமல்லபுரம் கடலோர ரோட்டில் ஏசுபாதம் என்பவர் நாலைந்து வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற வீடு பற்றி ஒரு பழைய மாணவி சொல்லியிருந்தாள். சுத்தமான இடம், நல்ல மனிதர். பதினைந்து நாள்தானே? சதாசிவம் மகனுக்குத் தெரிந்தவர், டூரில் தெருக்காரர்கள் வேறு. அவர் வரவில்லை என்றால் ஹரிக்குச் சேதி போய்விடும். அதனால்தான் அந்தப் பொட்டலங்கள்.

"தினமும் சாயங்காலம் போன் பண்ணுவேன். சாப்பிட்டார், தூங்கறார்னு சொல்வாங்க. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் சொன்னாங்க. சனிக்கிழமை ஜோத்பூர்ல கோட்டைக் கதவு பக்கத்துல ராணிங்க கையச்சு பார்த்தேன். புருஷனோட சிதையில ஏறப் போனவங்க பதிச்சுட்டுப் போன கை. எல்லாம் சின்னச் சின்னக் கை. பசங்களுக்கு எத்தனையோ தடவை நடத்தியிருக்கேன், கை அவ்வளவு சின்னதுன்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கு சாயங்காலம் போன் பண்ணப்போதான், வெள்ளிக்கிழமை காலையில பால்காரருக்குத் திறந்த கேட் வழியா போயிட்டார்னு ஏசுபாதம் அழுதார்."

ஏசுபாதம் தேடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் போலீஸுக்குப் போகவில்லை. டீச்சரும் போகச் சொல்லவில்லை. இரண்டு நாளில் கிடைத்துவிடுவார் என்று இரண்டு பேரும் போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பஸ் ஜெய்சல்மருக்குக் கிளம்பிற்று. டீச்சரும் ஏறிக்கொண்டார். வேறு எங்கே போவது?

"திங்கட்கிழமை காலையில கோட்டைக்குள்ள போனேன்" என்றார் டீச்சர். "போகாம பஸ்ல உட்கார்ந்திருக்கலாம். போனேன். மஞ்சள் கல்லு, வெயில் பட்டதும் முழுக் கோட்டையும் பொன்னா நின்னுது. உள்ளே இன்னும் ஜனங்க குடியிருக்காங்க, துணி காயப்போடறாங்க. ஒரு மணி நேரம் எனக்கு அவர் ஞாபகமே வரல. அதை நான் யார்கிட்ட சொல்வேன்? வெளியே வந்து போன் பண்ணேன், இன்னும் கிடைக்கலன்னாங்க. இனிமே அவரை எங்கேயாவது தொலைச்சாகணும். எதிர்ல கோட்டை வாசல் இருந்தது."

பிரபாவதி இன்ஷூரன்ஸில் எத்தனையோ பொய்களைக் கேட்டவள், எல்லாவற்றுக்கும் பின்னால் ஆதாயம் இருந்தது. இந்தப் பொய்யில் அவர் அடைந்தது ஒரு மணி நேரம். கோபப்பட வேண்டும் என்று முயன்று பார்த்தாள், வரவில்லை. திங்களும் செவ்வாயும் டீச்சர் நடந்தது கோவிலுக்கு அல்ல, கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை குப்பம் குப்பமாக அவரைத் தேடி என்பது கேட்காமலே புரிந்தது.

மானசா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சுலைமான்தான் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தான். "மேடம், அந்தாண்ட ரோட்டுல வுழுந்து கெடக்கறவங்கள எல்லாம் நம்ம ஊரு பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டாருவாங்க. நான் பஸ்ல இருந்தப்போ பாத்துகீறேன்."

அரசு ஆஸ்பத்திரி அந்த வீட்டிலிருந்து அயாஸின் காரில் ஆறு நிமிடம். மானசாவும் டீச்சரும் பின் சீட்டில் இரண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.

வார்டில் இருந்த நர்ஸ் நோட்டைப் புரட்டியதும் நின்றுவிட்டார். சனிக்கிழமை காலை சேர்ந்த கேஸ். பெயர் தெரியாதவர், ஆண், வயது சுமார் எழுபது. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி செங்கல்பட்டு ரோட்டோரமாக மயங்கிக் கிடந்தவர். கடலிலிருந்து அங்கே வர பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. மனிதர் திசை தெரியாமல் அலையவில்லை, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

சர்க்கரை ஏறியிருந்தது, மருந்து போட்டார்கள். பாதி நேரம் நினைவில்லை. ஒரே ஒருநாள் நன்றாகக் கண் விழித்து, இரண்டு இட்லி சாப்பிட்டார். பெயர் சொல்லத் தெரியவில்லை. ஊர் கேட்டதற்கு மதுராந்தகம் என்றார். அங்கே போலீஸுக்குச் சொல்லியனுப்பினார்கள். மதுராந்தகத்தில் யாரும் காணாமல் போகவில்லை என்று பதில் வந்தது. பதில் சரிதான். அவர்கள் அந்த ஊரை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. மறுபடி ஜுரம் வந்து வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டார். யாராவது வருவார்கள் என்று இன்னும் பிணவறையில் வைத்திருக்கிறார்கள்.

"இட்லி சாப்பிட்டது என்னைக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

சொல்லாதே என்று நர்ஸைத் தடுக்கப் பிரபாவதி கையைத் தூக்கினாள். நர்ஸ் நோட்டைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை என்று சொல்லிவிட்டார்.

சரித்திர டீச்சருக்குத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். திங்கட்கிழமை மாலை ஜெய்சல்மரிலிருந்து வந்த போனில் அவர் மகனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், ஹரி அரை நாளில் இந்த வார்டுக்கு வந்திருப்பான். அப்பா அதற்குப் பிறகும் மூன்று நாள் இருந்தார். பிரபாவதிக்கு அந்தக் கணக்கு தெரிந்தது, சுலைமானுக்குத் தெரிந்தது, மானசா சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தால் அவளுக்கும் தெரிந்தது. யாருக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. டீச்சர் பிணவறைக்குள் போய், துணியை விலக்கிப் பார்த்து, இவர்தான் என்று சொல்லிவிட்டு, தாடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நாலு பேரும் ஹாலில் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யார் சொல்வது என்று ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிரபாவதி தன் வேலை முடிந்தது என்று எழுந்து போயிருக்கலாம். கால் வரவில்லை.

ஆறு அடித்துச் சற்று நேரத்தில் மணி அடித்தது. மானசா எடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக இருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக ஹரியின் குரலில் உயிர் இருந்தது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில், கோவில் வாசலில் ஒரு வயதானவர் இருக்கிறாராம். மதராஸிபோல இருக்கிறாராம். யாரோ கம்பளி கொடுத்து, சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்கிறார்களாம். காலையில் ஜீப் கிடைக்கும், விடிந்ததும் கிளம்புகிறேன், அவர்தான், எனக்குத் தெரியும், அவர்தான் என்று சொல்லிக்கொண்டே போனான். மானசா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து நீட்டினாள்.

டீச்சர் எழுந்துவந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"ஹரி, அம்மா பேசறேன்."

"அம்மா, நீ அழாதேம்மா. கண்டுபிடிச்சுடுவேன். நீ அவரைக் கூட்டிட்டுப் போனதே பெரிசு. ஒரு நிமிஷம் உள்ளே போயிட்டு வந்தது ஒரு தப்பா? உன்மேல தப்பே இல்லம்மா."

சுலைமான் தரையைப் பார்த்தான். டீச்சர் கண்ணை மூடி, மறுபடி திறந்தார்.

"நான் சொல்றதை முழுசாக் கேளு. கேட்டுட்டு அப்புறம் சொல்லு, அதை."

பிரபாவதி சுலைமானின் தோளைத் தொட்டாள். இரண்டு பேரும் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். உள்ளே சுந்தரவல்லி டீச்சர், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து, ஒன்றும் விடாமல் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்.